இருமல் இல்லாத புலவர்

பாட்டுக் கட்டினவனுக்கு இருமல் இல்லாவிட்டால் அவனைப் பற்றிப் படம் எடுக்க ஏலாது என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிய வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வயல் நாவிதன்வெளியில், குடும்பம் கல்முனைக்குடியில். இரண்டுக்கும் நடுவில் நடந்த நடையிலேயே என் காலம் போய்விட்டது. ஆகையால் படித்தவர்கள் சொல்வதை நான் மறுப்பதில்லை. நம்புவதுமில்லை.

சூறாவளி அடித்து மூன்றாம் வருடம். நோன்புப் பெருநாள் கழிந்து, வெக்கைக் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காலம். என் கடைசி மகள் றஹீமாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஜவுபர் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு உரியது. உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். ஆம்பிளை என்பவன் பிறந்த வீட்டில் விருந்தாளி, புகுந்த வீட்டில் வாடகை கொடுக்காத குடியிருப்பாளன். நானும் அப்படித்தான் என் மனைவி நாச்சியாவின் வீட்டில் நாற்பது வருடமாக இருந்துகொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் உம்மா சபியா உம்மா ஒரே ஒரு விசயம்தான் கேட்டாள்.

"நகநட்டு நான் கேக்கல்ல காக்கா. கூரைக்கு ஓடு போடுங்க. புது மரம், புது ஓடு. ஓலைக் கிடுகுக்குக் கீழ என்ட புள்ளயப் படுக்க வைக்க மாட்டன். பழைய ஓடும் ஒண்ணா, வேணாம்."

அவளைக் குறை சொல்ல ஏலாது. சூறாவளி இரவில் அவள் வீட்டுக் கிடுகுக் கூரை பறந்துபோக, புருசனும் பெண்சாதியும் பக்கத்து வளவுப் பழைய ஓட்டு வீட்டுக்கு ஓடினார்கள். அந்த ஓடு சரிந்து புருசன் தலையில் விழுந்தது. அங்கேயே மௌத்து. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் ஸலாம் சொல்லுவாள்.

ஓடும் மரமும் வந்து வளவில் அடுக்கியாயிற்று. பாண்டிருப்பிலிருந்து வேலப்போடி மேசன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவன் முதல் கிடுகில் கை வைத்த நேரம் வளவு வாசலில், கடப்படியில், ஜீப் ஒன்று வந்து நின்றது.

இறங்கினவர் அழகரெத்தினம் என்ற இயக்குநர். கொழும்பு. வெளிநாட்டில் ஆறு மாதம் படம் எடுக்கப் படித்தவராம். கழுத்தில் ஒற்றைக் கண்ணாடி ஒன்று தொங்கியது. அதைக் கண்ணில் வைத்து என்னைத் தூரமாக்கியும் கிட்டவாக்கியும் பார்த்தார்.

"மதாறுப் புலவரின்ட வீடு இதுதானே, ஐயா?"

மதாறுப் புலவர் என் மூத்தவாப்பாவின் வாப்பா. ராகம் தாளம் அறிந்து முறையாகக் கீர்த்தனை கட்டினவர் என்று கேள்வி. எங்களிடம் அவருடைய பாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. கொழும்பில் ஏதோ நூல்நிலையத்தில் கறையான் தின்றது போக நான்கு கிடந்ததாம். 'இசைமேதைகள் வாழ்க்கை விவரணப்படச் சபை' என்று அரசாங்கத்தில் ஒன்று இருக்கிறது. நாட்டின் இருபத்து நான்கு மாவட்டத்துக்கும் தலைக்கு ஒரு மேதை, மேதைக்கு ஒரு படம் என்று அது தீர்மானம் போட்டிருந்தது. மற்ற மாவட்டங்களில் மேதைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்களாம். எங்கள் அம்பாறையில் நெல் இருந்தது, கரும்பு இருந்தது, மேதை இல்லை. கடைசியில் கறையானின் தயவால் மதாறுப் புலவர் அகப்பட்டார்.

"இல்ல தொர," என்றேன். "இது என்ட பொஞ்சாதிட வீடு."

"நீங்கள் புலவரின்ட ஆண்வழி வாரிசுதானே?"

"ஓம்."

"அப்ப புலவரின்ட வீடு உங்களிட்டத்தானே வந்திருக்க வேணும்?"

"ஆம்புளைக்கு இஞ்ச வீடில்ல தொர. புலவர் பொறந்தது அவர்ர உம்மாட வீட்ட. இருந்தது பொஞ்சாதிட வீட்ட. அவருக்கெண்டு ஒரு வீடு இரிக்கல்ல."

இயக்குநர் தன் உதவியாளரிடம் திரும்பினார். "எழுதும். வீடற்ற மேதை."

புலவர் பிறந்த வளவில் இப்போது ஐஸ் பெக்டரி நிற்கிறது. அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க ஆன்மா இல்லை," என்றார். "இஞ்ச இருக்கு. இந்த மண் சுவரில ஒரு நூற்றாண்டின்ட மூச்சு கேக்குது."

"சூறாவளிக்குப் பொறகு நான் கட்டின சொவர் தொர அது."

"பார்த்தால் அப்பிடித் தெரியேல்லையே."

"ஏழைட வீடு கட்டின அண்டே பழசுதான்."

அதையும் எழுதச் சொன்னார். பிறகு சுவரில் முத்திரை குத்தின அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. படப்பிடிப்பு நிறைவேறி, சபைத் தலைவர் நேரில் எழுந்தருளி முத்திரையை அகற்றும் வரை, இவ்வில்லத்தின் கூரை, சுவர், தரை, தூசி ஆகிய எதிலும் மாற்றம் செய்தல் தண்டனைக்குரிய குற்றம். வாசித்துக் காட்டியது றஹீமா. வாசித்த கையோடு உள்ளே போய்விட்டாள்.

"தூசியுமா?" என்றாள் நாச்சியா. "அப்ப வீடு கூட்டவும் ஒண்ணாமா?"

கடப்படியில் ஒரு பொலிஸ்காரனை நிறுத்தினார்கள். வேலப்போடியின் ஏணியைக் கீழே இறக்கினார்கள். அடுக்கியிருந்த ஓடு பார்வைக்கு இடைஞ்சல் என்று அதைக் கிடுகால் மூடினார்கள். சபைத் தலைவர் வருவது நிக்காஹுக்கு முந்திய புதன்கிழமை. புதன் முத்திரை எடுத்தால் வெள்ளிக்குள் எந்த மேசன் ஓடு போட்டு முடிப்பான்?

சபியா உம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். "அரசாங்கம் எண்டாலும் கிடுகு கிடுகுதான்," என்று பதில் வந்தது. "ஓடு போட்டுட்டுச் செல்லி அனுப்புங்க. இல்லாட்டி அட்டாளைச்சேனையிலயும் ஒரு கலியாணப் பேச்சு வந்திரிக்கி." அன்று றஹீமா சோறு தின்னவில்லை. கேட்டதற்கு வயிற்று வலி என்றாள்.

இரண்டாம் நாள் ஊர்ப் பெரியவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்து, மாதிரிப் படம் என்று ஆறு படம் காட்டினார்கள். வெள்ளைக்கார நாடு ஒன்று சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆறும் ஆறு வெள்ளைக்கார இசைமேதைகளின் வாழ்க்கை. எனக்கு ஒரே படத்தை ஆறு தடவை காட்டினதுபோல் இருந்தது. முதலில் ஒரு சன்னல், சன்னலில் மழை. பிறகு ஒரு மெழுகுதிரி. மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒரு கை எழுதும். பிறகு ஒரு பெண் குதிரை வண்டியில் ஏறிப் போவாள்; திரும்பிப் பார்க்க மாட்டாள். பிறகு அந்த மனிசன் இருமுவார். கைலேஞ்சித் துண்டில் இரத்தம். கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு சூரியன் மறைகிற பக்கம் நடந்து போவார். இதற்கு நடுவில் ஒருவர் காணாத இடத்திலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். பாட்டு எப்போதாவது கேட்கும், அந்தப் பேச்சு மூச்சு விடுகிற நேரத்தில்.

"இதுதான் உலகத் தரம்," என்றார் அழகரெத்தினம். "மேதையின்ட வாழ்க்கை எந்த நாட்டிலயும் இப்பிடித்தான்."

"புலவர் இருமினதா ஒருத்தரும் செல்லல்லயே தொர. அவர் மௌத்தானது மாடு முட்டி."

"மாடு முட்டிச் செத்தவரை மேதை எண்டு எந்த நாட்டில ஒப்புக்கொள்ளுவினம்?"

புலவரின் முகம் எப்படி என்று கேட்டார்கள். போட்டோ இல்லை. அவர் காலத்தில் படம் பிடிக்க ஒண்ணா, மார்க்கத்தில் விலக்கு. இப்போதும் சில பேருக்கு ஒண்ணாதான். இயக்குநர் என்னைக் கண்ணாடியால் பார்த்தார். "பரம்பரை முகம். நீங்கள்தான் புலவர்."

"நான் நிண்டா வேல கெதியா முடியுமா?"

"கெதியா முடியும்."

ஒத்துக்கொண்டேன். என் ஆயுளில் அரசாங்கத்தை நம்பியது அந்த ஒரு முறைதான்.

கறுப்பில் நீண்ட கோட்டு ஒன்று போட்டார்கள். தலையில் ஒரு பொய் முடி. வேறு மாவட்டத்து மேதைக்குச் செய்தது. அந்த மேதைக்குச் சின்னத் தலை. எழுதுவதற்கு ஒரு கொக்கு இறகு. கச்சான் காற்றில், மூடின அறையில், கோட்டோடு உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினேன். "படைப்பு வேதனை!" என்று இயக்குநர் துள்ளினார். ஆனால் கையைக் கிட்டத்தில் பிடிக்கப் போனபோது முகம் வாடிவிட்டது. மண்வெட்டி பிடித்த கை அது, கலை தெரியவில்லையாம். ஆகையால் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் டைப் அடிக்கிற தங்கரத்தினம் என்பவரின் கையைக் கொண்டுவந்தார்கள். மெல்லிய, வெள்ளையான, அழகான கை. ஆனால் தாளில் வைத்ததும் அது பழக்கதோசத்தில் தட்டத் தொடங்கிவிடும். புலவர் கீர்த்தனையைத் தட்டித் தட்டி எழுதினார் என்றாகிவிட்டது. தாளம் போடுகிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது.

பிறகு காதல்.

"புலவருக்கு நிறைவேறாத காதல் ஒண்டு இருந்திருக்க வேணும், ஐயா. யோசிச்சுப் பாருங்கோ."

"மூணு கலியாணம் தொர. மூணும் நிறைவேறின. பதினாலு புள்ளைகள்."

"மூண்டு பேரிட்டயும் தேடியும் கிடைக்காத காதல்," என்று உதவியாளர் தானாகவே எழுதிக்கொண்டார். அவருக்கும் வேலை பிடிபட்டுவிட்டது.

மழைக் காட்சிக்கு மழை வேண்டும். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் ஒரு துளி விழாது. வயலுக்கு மருந்தடிக்கிற மிசின் நான்கை வயல் சொந்தக்காரப் போடிமாரிடம் இரவல் வாங்கித் தண்ணீர் நிரப்பி, நான்கு பேர் முதுகில் கட்டிக்கொண்டு சன்னலில் அடித்தார்கள். கழுவிவிட்டு நிரப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை. முதல் மழையே முகத்தில் அடித்ததும் நெல்லுப் பூச்சி மருந்து மூக்கில் ஏறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினேன். நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர், மூக்கால் தண்ணீர். நாச்சியா தேசிக்காய்ச் சாறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இயக்குநர் அவளைக் கையால் மறித்தார்.

"கிட்ட வராதேங்கோ! எவ்வளவு உண்மையா இருமுறார் பாருங்கோ!"

"உண்மையாத்தான் இருமுறார் தொர! சாகப் போறார்!"

"அதுதான் வேணும்," என்றார் அவர்.

மதாறுப் புலவருக்குச் சயரோகம் வந்தது அன்றைக்குத்தான். அத்தோடு வீட்டுக்குள் எடுக்கிற காட்சி எல்லாம் முடிந்தது. முத்திரையை எடுங்கள் என்று கேட்டேன். தலைவர் வந்துதான் எடுப்பார் என்றார்கள். இன்னும் ஒரே ஒரு காட்சி பாக்கியாம், அது கடற்கரையில்.

பின்னேரம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். கமராவைக் கடலைப் பார்க்க நட்டார்கள். புலவர் கடலை நோக்கி நடப்பார், சூரியன் கடலில் மறையும், படம் முடியும். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தோணியில் சாய்ந்திருந்தேன். வலைக்காரர்களும் வந்து குந்தினார்கள். இயக்குநர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், வயல்வெளிக்கு மேலே, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்காதவர் சூரியனைப் பற்றிச் சொன்னால் கேட்கவா போகிறார்? இருட்டிவிட்டது.

"எங்க சூரியன்?"

"அது போயிட்டு தொர."

"எந்தப் பக்கம் போனது?"

"எப்பவும் போற பக்கம்தான்."

வலைக்காரர்களை நடத்துகிற தண்டையல் மக்கீனுக்கு மனம் பொறுக்கவில்லை. "சேர், இஞ்ச சூரியன் காலையிலதான் கடலுக்க இருந்து வாற. பின்னேரம் அது அம்பாறப் பக்கம் போயிரும். கொழும்புக் கடலுக்கு வாறது அதுக்குப் பொறகுதான்."

"அப்ப காலையில வாறதப் புடிங்களன் தொர," என்றேன் நானும்.

"உதயம் சபைக்குச் சரிவராது." அவர் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "உதயம் எண்டால் நம்பிக்கை. மேதைக்கு நம்பிக்கை கூடாது. அஸ்தமனம்தான் விதி."

பிறகு திடீரென்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உதயத்தைப் பிடித்து, படத்தை மறுபக்கமாக ஓட்டுவாராம். உதிக்கிற சூரியன் அப்போது கடலுக்குள் இறங்குமாம். நான் விடியக்காலையில் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடலைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து கரைக்கு வர வேண்டும். மறுபக்கமாக ஓட்டினால் முன்னுக்கு நடந்து கடலுக்குள் போவேனாம்.

"அப்ப நான் மௌத்தாகிறனா, பொறக்கிறனா?"

"படத்தில மௌத்து."

வீட்டுக்கு வந்து நாச்சியாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கறியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"விடியக்காலையில கமராக்காரன் எல்லாரும் கடக்கரைக்குப் போவானா?"

"ஓம்."

"பொலிஸ்காரனும்?"

"சனம் கிட்ட வராம வெலத்த அவனும் வேணுமாம்."

"வேலப்போடிக்கு எத்தின விடியல் வேணும் ஓடு போட?"

"நாலஞ்சு வேணும்."

"அப்ப நாலஞ்சு விடியலுக்கும் நீங்க ஒழுங்கா நடக்காதீங்க," என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் நடிப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. சுபஹு தொழுதுவிட்டுக் கோட்டோடு கடலில் இறங்குவேன். முதல் நாள் பின்னுக்கு நடந்து வந்து, இயக்குநர் சந்தோசத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் தும்மினேன். தும்மலை மறுபக்கமாக ஓட்டினால் முகத்துக்குள் போகிறது போலிருக்கும் என்று அதை விட்டுவிட்டார்கள். சூரியன் அதற்குள் மேலே ஏறிவிடும்; அடுத்த நாள்தான். அடுத்த நாள் கால் தடுக்கி உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாள் பொய் முடியை அலையில் விட்டேன். அதைத் தேடி உதவியாளர் நீந்தினார். நாலாம் நாள் திரும்பிக் கமராவைப் பார்த்து, "தொர, சரியா?" என்று கேட்டேன்.

"ஏன் ஐயா திரும்பினீங்கள்!" என்று அழாக் குறையாகக் கத்தினார்.

"பின்னுக்கு நடக்கிறவன் பின்னுக்குப் பாக்காம எப்பிடி நடக்கிற?"

மக்கீனின் ஆட்கள் பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பின்னுக்கு நடந்துதான் இழுப்பார்கள். "மீராசாக் காக்கா," என்று ஒருவன் கூப்பிட்டான், "நாங்க மீனுக்கு நடக்கிற. நீங்க என்னத்துக்கு நடக்கிற?"

"ஓட்டுக்கு," என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. கூலி இல்லாத வேலை என்று நினைத்துப் பாவப்பட்டான்.

வீட்டில் வேலப்போடி விடியலில் கிடுகைக் கழற்றி, வெயில் ஏறுமுன் மரமும் ஓடுமாக ஏற்றிக்கொண்டு போனான். கமராக்காரர்கள் கடற்கரையிலிருந்து நேரே தங்குமடத்துக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். முடிந்த காட்சியைத் திரும்பிப் பார்ப்பது கலைஞனுக்கு அழகில்லையாம். பொலிஸ்காரன் மட்டும் திரும்பிக் கடப்படிக்கு வருவான். அவன் கூரையையும் பார்த்தான், நாச்சியா வைத்த இறைச்சிக் கறியையும் பார்த்தான். கறியை மட்டும்தான் பார்த்ததாகத் தீர்மானித்துக்கொண்டான். கடைசி ஓடும் ஏறின மறுநாள், கண்ணுக்கு அழகாகப் பின்னுக்கு நடந்து கரை சேர்ந்தேன். இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

புதன்கிழமை தலைவர் ஜனாப் காலிதீன் வந்தார். வளவில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. பெண்கள் பக்கத்துக்குக் கிடுகு மறைப்பு. கூரையைப் பார்க்கட்டும் என்று சபியா உம்மாவையும் பாலமுனையிலிருந்து அழைத்திருந்தோம். இயக்குநர் வளவுக்குள் வந்து மேலே பார்த்தார்.

"ஐயா, என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்! படத்தில கிடுகு! இஞ்ச ஓடு!"

"மறுபக்கமா ஓட்டுங்க தொர. ஓடு கிடுகாகும்."

அவர் தலைவரிடம் ஓடினார். தலைவர் மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தார். மேடைக்கு ஏறுகிற தலைவரின் காதில் எதுவும் போகாது.

"அன்பார்ந்த அம்பாறைப் பெருமக்களே! இது எமது இருபத்து நான்காவது மேதை. இவர்களில் ஒருவருடைய பாட்டையும் நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் நடுநிலை தவறிவிடும். எமது சபை பாட்டைப் பார்ப்பதில்லை, வாழ்க்கையைப் பார்க்கிறது. வாழ்க்கையிலும் கடைசிப் பகுதியைத்தான். உயிரோடு இருக்கும் இசைக் கலைஞர்கள் எமக்கு விண்ணப்பம் போட்டவண்ணம் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் மறுப்புச் சொல்வதில்லை. பொறுமையாக இருங்கள் என்றே பதில் அனுப்புகிறோம்."

கைதட்டல்.

"இதோ, இந்தக் கூரையைப் பாருங்கள்!" கையை மேலே நீட்டினார். "இந்த ஓடுகளைப் பாருங்கள்! நூறு வருட மழையும் வெயிலும் தின்ற ஓடுகள்! ஒவ்வோர் ஓட்டிலும் வறுமை எழுதியிருக்கிறது. இவற்றின் கீழிருந்துதான் ஐயா, எமது புலவர் இருமினார்!"

மறைப்புக்குப் பின்னால் சபியா உம்மாவின் சத்தம் எழும்பியது.

"நூறு வருசத்து ஓடா! நாச்சியா! பழைய ஓட்டயா ஏத்தி வச்சிரிக்கீங்க?"

"அல்லாவே, புது ஓடு மச்சி! அந்தாள் பொய் செல்லுறார்."

"மைக்கில செல்லுறார், நாச்சியா!"

"மைக்கில செல்லுறவனெல்லாம் மெய்யா செல்லுற?"

"நூறு வருசம் எண்டு கணக்கோட செல்லுறாரே! அண்டைக்கும் இப்பிடித்தான், நல்ல ஓடு எண்டு நம்பித்தான் ஓடினம்." சபியா உம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணா. இந்தச் சம்பந்தம் ஒண்ணா. ஜவுபர் வேறெங்கயும் முடிக்கட்டும்."

குசினி வாசலில் றஹீமா நிற்பது தெரிந்தது. அழவில்லை. ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேடைக்கு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. தலைவரின் முன்னால் நின்ற மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"இந்த ஓடு புது ஓடு," என்றேன். "போன கிழம வேலப்போடி மேசன் போட்டது. அந்தா நிக்கிறான், கேளுங்க. இந்தச் சொவர் சூறாவளிக்குப் பொறகு நான் கட்டினது. இந்த வீடு என்ட பொஞ்சாதிட. மதாறுப் புலவர் இஞ்ச இருந்ததும் இல்ல, இருமினதும் இல்ல. அவர் மாடு முட்டி மௌத்தான மனிசன். படத்தில இருமுறது நான். அது பூச்சி மருந்து. எழுதுற கை தங்கரத்தினத்திட. சூரியன் மறையிறதும் பொய், அது வாற நேரத்தில புடிச்சது. இவ்வளவுதான். என்ட மகளுக்கு நான் பழைய ஓடு போட மாட்டன்."

ஒலிபெருக்கி மட்டும் கொஞ்சம் இரைந்தது. தலைவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"பார்த்தீர்களா!" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "தன்னடக்கம்! மேதையின் பரம்பரைக்கே உரிய தன்னடக்கம்! தனக்கென்று ஒரு வீடில்லை, தனக்கென்று ஓர் இருமல்கூட இல்லை என்கிறார் இந்த மீராசா நானா!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேலப்போடியும் தட்டினான்.

நான் இறங்கினேன். சபியா உம்மா மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"காக்கா, அவரும் மைக்கிலதான் செல்லுறார். நீங்களும் மைக்கிலதான் செல்லுறீங்க. நான் ஆர நம்புற?"

பதில் சொன்னது நாச்சியா. "ஒருத்தரயும் நம்பாதீங்க மச்சி. ஏணி இரிக்கி. ஏறிப் பாருங்க."

சபியா உம்மா மேலே பார்த்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டினாள், பிஸ்மி சொன்னாள், ஏணியில் ஏறத் தொடங்கினாள். தலைவர் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஒருவரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. இயக்குநர் கமராக்காரனின் தோளைக் கிள்ளினார். "பிடியும், பிடியும்! முகத்தை மட்டும் பிடியும்! நாங்கள் தேடின பொம்பிளை இவதான்!"

அவள் கூரை விளிம்பில் நின்று ஒரு ஓட்டைத் தட்டினாள். காது வைத்துக் கேட்டாள். இன்னொன்றைத் தட்டினாள். கீழ் மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஓர் ஓட்டைப் பிடித்து, தன் பலம் முழுவதையும் போட்டு உலுப்பினாள். அது அசையவில்லை. அதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். என்ன நினைத்தாளோ தெரியாது. இறங்கி வந்தபோது இரண்டு உள்ளங்கையும் புது ஓட்டுச் சிவப்பு. அதை முகத்திலும் துடைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு மாப்பிள்ளயக் கூட்டி வாறம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. ஜவுபர் வந்து குடியேறினான். நல்ல பிள்ளை.

மாரி மழை தொடங்கின பிறகு ஒரு நாள், பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் சீலை கட்டியிருந்தது. சன்னலில் மழை வந்தது, தங்கரத்தினத்தின் கை தட்டியது, நான் இருமினேன். சபியா உம்மா ஏணியில் ஏறுகிற முகம் வந்தது; காணாத இடத்திலிருந்து பேசுகிறவர், புலவரை இழந்த காதலி வானத்தில் அவரைத் தேடுகிறாள் என்றார். கடைசியில் நான் கடலுக்குள் நடந்து போனேன். பக்கத்தில் மக்கீனின் ஆட்கள் வலை நிறைந்த மீனைக் கொண்டுபோய்க் கடலுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தியாகத்தின் குறியீடு என்றார்கள். மதாறுப் புலவரின் கீர்த்தனை மட்டும் வரவில்லை, நேரம் போதவில்லையாம். அந்தப் படத்துக்குக் கொழும்பில் பரிசும் கிடைத்தது.

வெளியே மழையில் ஒரே குடைக்குள் நாச்சியாவும் சபியா உம்மாவும் வந்தார்கள். தன்னைக் காதலியாக்கினதற்குச் சபியா உம்மா என்னைத் தின்னப் போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"என்னய என்னவோ ஆக்கிக் காட்டினானுகள், அது போகட்டும் காக்கா," என்றாள். "அவ்வளவு உசரம் ஏறினன். அந்த ஓட்ட ஒருக்காக் காட்டினானுகளா?"